ஓடும் வீட்டுக்கு ஓர் அன்ரெனா

கனடாவுக்குப் போய்வந்தவர் என்றால் நயாகரா நீர்வீழ்ச்சியைப் பற்றித்தான் எழுதவேண்டும் என்று ஓர் எதிர்பார்ப்பு இருக்கிறது. நானும் பார்த்தேன், நனைந்தேன், படமும் எடுத்தேன். ஆனால் ஊர் திரும்பிய பின், நான் வேலைசெய்யும் கிராமங்களில் பெண்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பது ஒரு தொலைக்காட்சி அன்ரெனாவின் கதையைத்தான். வாசகிகளாகிய உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

என் பெரியம்மா ரொறன்ரோ நகரின் கிழக்குப் பக்கமான ஸ்காபரோவில் இருக்கிறார். வயது 67. வடமராட்சியிலிருந்து 1986இல் போனவர். பெரியப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் இருவரும் சேர்ந்து பழைய மோட்டார் ஹோம் ஒன்றை வாங்கினார்கள். நம் ஊர் மினிபஸ் அளவில் ஒரு வாகனம். உள்ளே கட்டில், காஸ் அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, மலசலகூடம், சின்னக் குளிர்சாதனப்பெட்டி எல்லாம் இருக்கும். கோடை வந்தால் இப்படியான வாகனங்களில் ஏறி, காட்டோரத்திலும் ஏரிக்கரையிலும் உள்ள பூங்காக்களில் போய்த் தங்குவது அங்கு பலருக்கு வழக்கம். அந்த அளவு வாகனத்தை ஓட்ட ஒன்ராறியோ மாகாணத்தில் சாதாரண கார் அனுமதிப்பத்திரமே போதும். பெரியம்மாவிடம் அது இருந்தது. ஆனாலும் ஓட்டுவது எப்போதும் பெரியப்பாதான்.

2022 மார்கழியில் பெரியப்பா காலமானார். வண்டி ஒன்றரை வருடம் வீட்டு வாசலில் பனியிலும் வெயிலிலும் நின்றது. 2024 வைகாசியில் பெரியம்மா தன் சிநேகிதி ஒருவரை ஏற்றிக்கொண்டு முதன்முதலாகத் தானே ஓட்டிப்போனார். போகும்போது ஒரு பிசகும் இல்லை. திரும்பிவரும் அன்று காலையில்தான் தவறு நடந்தது. கூரைமேல் உயர்த்தியிருந்த அன்ரெனாவை இறக்க மறந்து வண்டியை எடுத்துவிட்டார். பூங்கா வாசலில் ஒரு மரக்கிளை. அன்ரெனா முறிந்து, அதைத் தூக்கி நிறுத்தும் கம்பியும் வளைந்துபோயிற்று.

பெரியப்பா இருந்த காலத்தில் புறப்படும் முன் அதை இறக்குவது அவரின் வேலை. பெரியம்மாவின் வேலை கோப்பைகளை அடுக்கி அலுமாரிக் கதவுகளைப் பூட்டுவது. அன்றும் அவர் அலுமாரிகளை ஒழுங்காகப் பூட்டியிருந்தார். சமூகவியலில் வேலைப் பிரிவினை என்று நாங்கள் படித்தது இதைத்தான். ஒருவர் போனதும் அவர் பங்கு வேலைகள் எவை என்பதே மற்றவருக்குத் தெரியாமல் இருந்துவிடுகிறது.

நான் ஆடி மாதம் போய்ச் சேர்ந்தபோது, முறிந்த இடம் பொலித்தீன் பையால் கட்டப்பட்டிருந்தது. அவரின் மகன், எனக்கு அண்ணா முறை, சாப்பாட்டு மேசையில் சொன்னார்: "அம்மா, இது உங்களுக்குச் சரிவராது. வித்துப்போடுவம்." கோபமாகச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார். அன்பாகச் சொல்லும்போது மறுத்துப் பேசுவது இன்னும் கடினம். பெரியம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "முதலிலை உந்த அன்ரெனாவை மாத்துவம். பிறகு யோசிப்பம்" என்றார்.

"ரீவி என்னத்துக்கு? போனிலை பாக்கலாம்தானே" என்று அண்ணா கேட்டதும் நியாயமாகத்தான் தெரிந்தது. ஆனால் பெரியம்மாவிடம் ஒரு காரணம் இருந்தது. 2022 மே 21ஆம் திகதி ஒன்ராறியோவைக் குறுக்கறுத்து ஒரு பெரும் புயற்காற்று வீசியது. மரங்கள் விழுந்து பலர் இறந்தார்கள். அன்று பெரியம்மாவும் பெரியப்பாவும் ஒரு பூங்காவில் மரங்களின் கீழ்தான் நின்றிருக்கிறார்கள். அங்கே தொலைபேசிக்கு அலை கிடைக்கவில்லை. தொலைக்காட்சி நிகழ்ச்சியை இடைநிறுத்தி எச்சரிக்கை ஒலித்ததும் வண்டியை விட்டிறங்கி, குளியலறைக் கல்கட்டடத்துக்குள் ஓடியிருக்கிறார்கள். கனடாவில் 2015இலிருந்து இப்படியான உயிராபத்து எச்சரிக்கைகளைத் தொலைக்காட்சியும் வானொலியும் ஒலிபரப்பியே ஆகவேண்டும். 2018இலிருந்து கைத்தொலைபேசிக்கும் வருகிறது. ஆனால் அலை இல்லாத இடத்தில் கைத்தொலைபேசி என்ன செய்யும்? 2004 மார்கழி 26 காலையில் எச்சரிக்க ஒருவரும் இல்லாத கரையிலிருந்து போன எனக்கு, அதற்கு மேல் ஒரு விளக்கமும் தேவைப்படவில்லை.

கடைக்குப் போனோம். பெயர் வேண்டாம். விற்பனையாளர் அண்ணாவைப் பார்த்தே பேசினார். பெரியம்மா கேள்வி கேட்டால், பதில் அண்ணாவுக்குப் போனது. எடுத்த எடுப்பிலேயே செய்மதித் தட்டு ஒன்றைத்தான் காட்டினார். அதற்கு மாதாமாதம் சந்தாப் பணம் கட்டவேண்டும். அது மட்டுமல்ல, நம் ஊர் பூமத்தியரேகைக்குக் கிட்ட இருப்பதால் இங்கே தட்டுகள் வானத்தை அண்ணாந்து பார்க்கின்றன. அங்கே அவை தெற்கு நோக்கிச் சரிந்து நிற்கவேண்டும். தெற்கே ஓர் உயர்ந்த மரம் நின்றாலே படம் வராது. பெரியம்மா தங்குவதோ மர நிழலில். "அது வேண்டாம், காத்திலை சும்மா வாறதைப் பிடிக்கிறதைக் காட்டுங்கோ" என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகுதான் விற்பனையாளர் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

சும்மா வருவதைப் பிடிக்க மூன்று வகை இருந்தது. முதலாவது, முறிந்ததைப் போன்றதே. வெளவால் சிறகு விரித்ததுபோல இருக்கும். வைன்கார்ட் கம்பனியின் இந்த வகையைத்தான் வட அமெரிக்காவில் பெரும்பாலான பழைய மோட்டார் ஹோம்களில் காணலாம். உள்ளேயிருந்து ஒரு கைபிடியைச் சுழற்றி உயர்த்தவேண்டும், ஓடுமுன் இறக்கவேண்டும். உயரத்தில் நிற்பதால் தூரத்து நிலையங்களை நன்றாகப் பிடிக்கும். தலை மட்டும் முறிந்திருந்தால் தலையை மட்டும் வாங்கிப் பூட்டலாம், செலவும் குறைவு. இங்கே தூக்கும் கம்பியும் வளைந்துவிட்டது.

இரண்டாவது, கவிழ்த்த சட்டிபோல ஒன்று. எல்லாத் திசையிலிருந்தும் வாங்கும். திருப்பவும் வேண்டாம், உயர்த்தவும் வேண்டாம். கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் எல்லாப் பக்கமும் காது கொடுப்பது எந்தப் பக்கமும் கூர்ந்து கேட்காது. நகரத்துக்குக் கிட்ட நிற்பவர்களுக்குப் போதும். நிலையங்களிலிருந்து எட்டப் போகிறவர்களுக்குப் போதாது.

மூன்றாவது, கூரையோடு ஒட்டி நிற்கும் ஒரு பிளாஸ்ரிக் கூடு. உள்ளே திசை நோக்கும் அன்ரெனா. வண்டிக்குள் முகட்டில் இருக்கும் ஒரு குமிழைக் கையால் திருப்பினால் அதுவும் திரும்பும். உயரம் குறைவென்பதால் வெளவாலைவிடத் தூரம் கொஞ்சம் குறையலாம். ஆனால் இறக்கவேண்டிய தேவையே இல்லை.

பெரியம்மா உடனே வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு கொப்பியில் கோடு போட்டு எழுதினார். அடுத்த நாள் பக்கத்து வீட்டுக்காரரிடம் மின்னழுத்தம் அளக்கும் மீற்றரை இரவல் வாங்கினார். இது எனக்குப் புதிதாக இருந்ததால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்த அன்ரெனாக்களின் தலைக்குள் ஒரு சின்ன அம்பிளிபயர் இருக்கிறது. அதற்கு வேண்டிய 12 வோல்ற் மின்சாரம், படம் வரும் அதே கேபிள் வழியாகத்தான் மேலே போகிறது. சுவரில் ஒரு பட்டன், போட்டால் சின்ன விளக்கு எரியும். கேபிளின் நுனியில் அந்த 12 வோல்ற் வருகிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். வராவிட்டால் எத்தனை புது அன்ரெனா பூட்டினாலும் நல்ல படம் வராது. பலர் வீணாகப் பணம் கொடுப்பது இங்கேதான். பெரியம்மாவின் கேபிளில் மின்சாரம் வந்தது. ஆனால் நுனி பச்சை பிடித்திருந்தது. நுனியை வெட்டிப் புதிதாகப் பூட்டவேண்டும் என்று கொப்பியில் இன்னொரு வரி ஏறியது.

மீற்றரை அவர் பிடித்த விதத்தைப் பார்த்து, "எங்கை பழகினீங்கள் பெரியம்மா?" என்று கேட்டேன். "அப்பர் அன்ரெனா பூட்டேக்கை நான்தானே பிள்ளை கையாள்" என்றார். 1982இல் ரூபவாஹினி தொடங்கியது. ஆனால் யாழ்ப்பாணத்துக் கூரைகளில் அந்தக் காலத்து மீன்முள் அன்ரெனாக்கள் பல இந்தியாவின் தூரதர்ஷனைப் பார்த்து வடக்கு நோக்கி நின்றவை. கடலுக்கு மேலால் அலை தடையின்றி வரும். முற்றத்தில் ஒருவர் குழாயைத் திருப்ப, உள்ளேயிருந்து ஒருவர் "வருது, வருது, ஐயோ போட்டுது" என்று கத்துவது எல்லா வீட்டிலும் நடந்தது. மீன்முள்ளில் ஏன் ஒரு கம்பி நீளம், ஒரு கம்பி கட்டை என்பதையும் அவர்தான் விளக்கினார். அலையின் நீளத்தில் ஏறக்குறையப் பாதி கம்பிக்கு இருக்கவேண்டும். யூ.எச்.எஃப். அலைக்கு ஒரு முழத்துக்கும் குறைவான கம்பி போதும், வீ.எச்.எஃப். அலைக்கு இரண்டு முழம் அளவில் வேண்டும். ஆகவே மிகச் சின்னதாக, அழகாக இருக்கும் அன்ரெனாவை வாங்குமுன் அது வீ.எச்.எஃப். நிலையங்களைப் பிடிக்குமா என்று கேட்கவேண்டும். பெட்டியில் எழுதியிருக்கும் மைல் கணக்கை அப்படியே நம்பவும் கூடாது. அது வெட்டவெளிக்கு எழுதிய கணக்கு.

இத்தனை தெரிந்த பெண், முப்பத்தைந்து வருடம் கோப்பை அடுக்கியிருக்கிறார். நான் வேலைசெய்யும் பகுதியிலும் ஓர் அக்கா இருக்கிறார். 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவை மிதித்து ரேடியோவில் செய்தி கேட்ட வீட்டில் வளர்ந்தவர். இன்று கிணற்று மோட்டர் நின்றால், வந்து பார்ப்பவர் சொல்லும் கூலியைக் கேள்வியின்றிக் கொடுக்கிறார்.

கடைசியில் பெரியம்மா மூன்றாவது வகையைத் தெரிவுசெய்தார். "தூரம் குறைஞ்சால் குறையட்டும். நான் மறந்தாலும் முறியாதது வேணும்" என்றார். தன் மறதியை ஒளிக்காமல், அதையும் கணக்கில் சேர்த்து ஒரு பொருளை வாங்கியது எனக்குப் பிடித்தது. விலை இருநூறு டொலருக்குள். பழைய துளையை மூடும் அளவுக்குப் புதியதன் அடித்தட்டு அகலமா என்று அளந்து பார்த்துத்தான் எடுத்தார். மோட்டார் ஹோமின் பெரிய எதிரி கூரை ஒழுக்கு. புதுத் துளை போடுவது புது ஒழுக்குக்கு வழி.

ஏணியில் ஏறியது அண்ணா. கீழே கொப்பியோடு நின்றது பெரியம்மா. பழைய பசையைச் சுரண்டினார், புதியதைப் பூட்டினார், தானாகப் பரவும் கூரைப் பசையை ஒவ்வொரு ஸ்குறூ ஆணித் தலையிலும் ஊற்றினார். சாதாரண சிலிக்கன் பூசப்போனபோது, "உது ரப்பர் கூரையிலை பிடியாது தம்பி, வடிவாய்ப் பார்" என்று கீழேயிருந்து சத்தம் வந்தது. மகனைத் தம்பி என்று அவர் கூப்பிட்டு அன்றுதான் கேட்டேன்.

அந்தக் கிழமையே நாங்கள் இருவரும் சாண்ட்பாங்க்ஸ் பூங்காவுக்குப் போனோம். ரொறன்ரோவிலிருந்து கிழக்கே 401ஆம் நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 200 கிலோமீற்றர். ஒன்ராறியோ ஏரிக்கரையில், பிக்ரன் என்ற சிற்றூருக்குக் கிட்ட இருக்கிறது. நன்னீர்க் கரையில் மலைபோல மணற்குன்றுகள். "மணற்காடு மாதிரியெல்லே" என்று பெரியம்மா கேட்டபோது, நானும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சவுக்குக்குப் பதில் வேறு மரங்கள், அவ்வளவுதான். நீரை அள்ளி வாயில் வைத்துப் பார்த்தேன். உப்பில்லாத அலை என்பது நெடுநேரம் நம்பமுடியாமலே இருந்தது.

மாலையில் தொலைக்காட்சியைப் போட்டோம். கனடாவின் பெருநகரங்களில் 2011 ஓகஸ்ட் 31ஆம் திகதியோடு பழைய ஒளிபரப்பு நின்று டிஜிற்றல் ஆகிவிட்டது. பழையதில் அலை குறைந்தால் மணல் கொட்டியதுபோல மங்கலாக என்றாலும் ஏதோ தெரியும். டிஜிற்றலில் படம் சதுரம் சதுரமாக உறைந்து அடியோடு மறைந்துவிடும். இடம் மாறும் ஒவ்வொரு முறையும் ரீவியை நிலையங்களைத் தேடச்சொல்லவும் வேண்டும். பெரியம்மா வரைபடத்தை மடியில் விரித்தார். வடகிழக்கே கிங்ஸ்ரன், தெற்கே, ஏரிக்கு அக்கரையில், அமெரிக்காவின் ரொச்செஸ்ரர் நகரம். முகட்டுக் குமிழைக் கிங்ஸ்ரன் பக்கம் திருப்பித் தேடினால் அதிகம் அகப்படவில்லை. எங்களுக்கும் கிங்ஸ்ரனுக்கும் நடுவே மரங்கள். "தண்ணிப் பக்கம் திருப்பிப் பாப்பம்" என்றார்.

நான் குமிழைத் திருப்பினேன். அவர் திரையின் முன் குந்தியிருந்தார்.

"கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... வருது, வருது, வருது! விடு பிள்ளை, அசைக்காதை!"

அக்கரைச் செய்தி வாசிப்பாளர் ஒருவர் தெளிவாக வந்து நின்றார். நாளை பின்னேரம் இடியுடன் மழை வரலாம் என்றார்.

மறுநாள் காலை புறப்படும்போது பெரியம்மா சாவியைப் போடுமுன் கீழே இறங்கி, வண்டியைச் சுற்றிவந்து கூரையை அண்ணாந்து பார்த்தார். இறக்க ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஏறி அமர்ந்து, "அலுமாரி பூட்டினனியே?" என்று கேட்டார். நான் பூட்டவில்லை. எழுந்து போய்ப் பூட்டினேன்.