சித்தியின் அவரைப் பந்தல்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தைத் தாண்டும்போது என் மகள் பஸ் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "அம்மா, அங்கே பாத்தி கட்டுறாங்களே! என்ன கீரை?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உப்பளம்! மழை ஓய்ந்த தை மாதம்; உப்புப் பாத்திகளைச் செப்பனிட்டுக் கொண்டிருந்தார்கள்.

வானூரில் சித்தி வீட்டுப் பாத்திகளோ செம்மண் பாத்திகள். வாசலில் மஞ்சள் சாமந்தி, வேலியோரம் ஊதா டிசம்பர் பூ, கொல்லையில் கத்திரியும் கொத்தவரையும். பங்குனி பிறந்தால் மல்லிகை மொட்டு விடும். எல்லாவற்றுக்கும் மேலாக அந்த அவரைப் பந்தல்! கொத்துக் கொத்தாகப் பூவும் பிஞ்சும் பார்த்து என் கண் நிறைந்துவிட்டது. காரணம் இருக்கிறது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. இரண்டு வாரம் கழித்து நாங்கள் வந்தபோது, ஆடியில் ஊன்றிய அந்தக் கொடி பந்தலோடு சேற்றில் கிடந்தது. எதற்கும் கலங்காத சித்தி, "அம்மா வீட்டுச் சீதனமா வந்த விதைடி. நாப்பது வருஷமா விடாம போட்டுட்டு வந்தேன்" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு என்ன நினைத்தாளோ, உள்ளே போய்ப் பரண்மேலிருந்த சுரைக்குடுக்கையை எடுத்துக் கவிழ்த்தாள். சாம்பலோடு முந்தின வருஷத்து விதைகள் பொலபொலவென்று விழுந்தன!

அந்தத் தையில் கீரையும் வெண்டையும் மட்டும் விதைத்தாள். அவரைக்கு அடுத்த ஆடிவரை காத்திருந்தாள். குளிர்ந்த, பகல் குறுகிய மாதங்களில்தான் நாட்டு அவரை நன்றாகப் பூக்கும். அவசரப்பட்டால் கொடிதான் ஓடும், காய் இராது.

"விதை எடுக்கறதுல ரகசியம் ஒண்ணுமில்லே. நோயில்லாத கொடியில நல்ல காயா நாலைஞ்சைப் பறிக்காம விட்டுடு. நெத்தா காஞ்சதும் எடுத்து, நிழல்ல உலர்த்தி, ஆறின அடுப்புச் சாம்பல்ல புரட்டி, ஈரம் படாம வை. சாம்பல் இருந்தா வண்டு அண்டாது" என்றாள் சித்தி.

புறப்படும்போது வெற்றிலை பாக்கோடு என் மகள் கையில் ஐந்து விதைகளை வைத்தாள். "எல்லாத்தையும் ஒரே தடவையில ஊனிடாதே கண்ணு, ரெண்டு மிச்சம் வை."

சகோதரிகளே, எங்கள் மொட்டை மாடியில் ஒரு பழைய வாளி மண் நிரம்பித் தயாராக இருக்கிறது. ஆடிதான் பிறக்க வேண்டும்!