குறைந்துபோன நற்கொழுப்பு

எல்லப் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றின் லயன் வீட்டிற்குத் தைப்பொங்கல் விடுமுறையில் வந்திருந்த மகன், கொழும்பில் எடுத்த இரத்தப் பரிசோதனை அறிக்கையைத் தாயிடம் வாசித்துக் காட்டினான். வயது 38, எச்.டி.எல். எனப்படும் நற்கொழுப்பு 31. அது மிகக் குறைவென வைத்தியர் எச்சரித்திருந்தார். நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்து ஓய்ந்த அத்தாய் வியந்தார்.

"கொழுப்புக் கூடினாத்தானே வருத்தம்பாங்க? கொறஞ்சதுக்குமா தம்பி?"

வினா எளிதாகத் தோன்றினும் விடை கூறத்தக்கது. கொலஸ்திரோல் குருதியிற் கரையாது. புரதமும் கொழுப்பும் சேர்ந்த நுண்துணிக்கைகளே அதனைச் சுமந்து செல்கின்றன. எல்.டி.எல். என்னுந் துணிக்கை மிகும்போது நாடிச் சுவர்களிற் கொலஸ்திரோல் படிகின்றது. அங்கு தேங்கியதை எடுத்து ஈரலிடம் மீளச் சேர்ப்பதில் எச்.டி.எல். பங்குகொள்கின்றது. மலையிலிருந்து கொழுந்தைச் சுமந்துவந்து மடுவத்திற் கொட்டும் பெண்ணின் பணியை ஒத்தது அது. மகனும் தாய்க்கு அவ்வாறே விளக்கினான். ஒரு டெசிலீற்றர் குருதியில் ஆண்களுக்கு 40 மில்லிகிராமுக்கும் பெண்களுக்கு 50 மில்லிகிராமுக்கும் கீழிருப்பின் அது குறைவெனக் கொள்ளப்படும். அமெரிக்காவின் பிரேமிங்ஹாம் நகரில் 1948இல் தொடங்கிய ஆய்வு, நற்கொழுப்புக் குறைந்தோரிடையே இதயநோய் மிகுதி என்பதை 1977இல் வெளியான கட்டுரையிற் காட்டிற்று. தெற்காசியரிடையே இக்குறை பரவலாக உண்டு.

காரணந் தேடின் மகனின் அன்றாட வாழ்வே விடையாகின்றது. கடையொன்றின் காசாளர் இருக்கையிற் காலை முதல் இரவுவரை அமர்ந்திருத்தல்; இடையிடையே சீனி மிகுந்த தேநீரும் ரோல்ஸும்; நாளொன்றுக்குப் பத்துச் சிகரெட்டுகள். புகை, தொந்தி, உடலசைவின்மை, வெள்ளை மாவும் சீனியும் மலிந்த உணவு ஆகிய யாவும் நற்கொழுப்பைத் தாழ்த்துவன.

தாயின் வாழ்வோ வேறு. விடியலிற் பெரட்டுக்குச் சென்று, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி, செங்குத்தான சரிவுகளில் மாலைவரை ஏறியிறங்கினார். இலண்டன் பேருந்துகளில் அமர்ந்திருந்த சாரதிகளைவிட, மாடிப்படி ஏறியிறங்கிய நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவென ஜெரி மொறிஸ் 1953இல் எடுத்துக்காட்டியதை இங்கு நினைவுகூரலாம். ஆயினும், கூலிக்காக ஏறிய மலையை உடற்பயிற்சி எனப் புகழ்வது நீதியாகாது. அவ்வுழைப்பு முழங்கால்களைத் தேய்த்தது. கோதுமை ரொட்டியும் சம்பலும் வெறுந்தேநீருமே அதற்குக் கிடைத்த ஊட்டம். இரத்தசோகைக்குக் குளிசை கொடுத்தார்கள். அவரது நற்கொழுப்பை அளந்து பார்த்தவர் எவருமிலர்.

ஆகவே மகன் செய்யத்தக்கது யாது? புகையை விடுதல் முதலாவது. வாரத்துக்கு 150 நிமிடமேனும் விரைந்து நடத்தல் அடுத்தது. ரொட்டியையும் சீனியையும் குறைத்து, கௌபி, கடலை, கீரை, மீன் ஆகியவற்றைக் கூட்டுதல் மற்றொன்று. இவற்றால் எண் சிறிதளவே உயரலாம். உடலுக்கு விளையும் நன்மையோ அதனினும் பெரிது. தேங்காயெண்ணெய் நற்கொழுப்பை உயர்த்தும் என்பார் கூற்று மெய்யே, அது எல்.டி.எல்லையும் உயர்த்தும் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். மதுவும் நற்கொழுப்பை உயர்த்தும். அதனைச் சாட்டாகக் கொண்டு குடிப்போர், தோட்டங்களிற் குடி சிதைத்த குடும்பங்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

எண்ணை மாத்திரம் உயர்த்துவதாற் பயனில்லை என்பதற்கும் சான்றுண்டு. டோர்செட்ராபிப் என்னும் மருந்து நற்கொழுப்பை 70 சதவீதத்துக்கு மேல் உயர்த்திற்று. ஆயினும், அதனை உட்கொண்டோரிடையே மரணங்கள் கூடியமையால் 2006இற் பரிசோதனை நிறுத்தப்பட்டது. அறிக்கையிலுள்ள எண், ஒருவன் வாழும் முறையின் அறிகுறி. வாழும் முறையை மாற்றாது அறிகுறியை மாற்ற முனைவது வீண்.

மறுநாட் காலை எல்ல நகருக்குச் செல்ல முச்சக்கர வண்டியை அழைக்க முனைந்த மகனைத் தாய் தடுத்தார்.

"பள்ளிக்கூடத்துக்கு இந்த மலையிலதானே நடந்து போனே?"

அவன் சிகரெட் பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டு நடந்தான். ஏற்றத்தில் இருமுறை நின்று மூச்சு வாங்கினான். இருபது ஆண்டுகளுக்கு முன் அவன் நில்லாமல் ஓடிய பாதை அது.