நின்று நின்று ஓடிய டிராக்டர்

பாகூர் பக்கம் எங்களுக்கு மூன்று காணி நஞ்சை. பத்திரத்தில் பிரெஞ்சுக்காரன் காலத்து வழக்கப்படி ஹெக்டேர், ஆர், சென்டியார் என்று இருக்கும். வாய்ப்பேச்சில் இன்றுவரை காணியும் குழியும்தான். அப்பா 1984இல் கடன் போட்டு ஒரு மாஸி ஃபெர்குசன் 1035 வாங்கினார். மூன்று காணிக்கு டிராக்டர் எதற்கு என்று ஊரே கேட்டது. வாடகைக்கு உழவு ஓட்டியும், ஆலைக்குக் கரும்பு ஏற்றியும் கடனை அடைத்தார். அவருக்குப் பிறகு வண்டி அண்ணன் கைக்கு வந்தது.

சென்னை செம்பியத்தில் டாஃபே கம்பெனி செய்த வண்டி அது. இன்ஜின் சிம்ப்சன், மூன்று சிலிண்டர் டீசல்; இங்கிலாந்தின் பெர்கின்ஸ் வழி வந்தது. சிம்ப்சன் 1840இல் மதராஸில் குதிரை வண்டி கட்டப் புறப்பட்ட கம்பெனி என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. இந்த இன்ஜினில் கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. காற்றும் டீசலும் ஒழுங்காக உள்ளே போய், நன்றாக அழுத்தப்பட்டால் ஓடும். போகாவிட்டால் நிற்கும். அவ்வளவுதான்.

நான் வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அடுத்த வருடம், 2011 ஆவணி. சம்பா நடவுக்குச் சேடை ஓட்ட வேண்டும். நாற்றுக்கு 28 நாள் ஆகிவிட்டது. நடவு ஆட்களுக்கு நாள் சொல்லியாகிவிட்டது. இரண்டு மாதமாகக் கொட்டகையில் நின்ற வண்டியை எடுத்து, டேங்க் நிறைய டீசல் ஊற்றி, கேஜ் வீல் மாட்டி வயலில் இறக்கினார் டிரைவர். அரை மணி நேரம் நன்றாக ஓடியது. பிறகு உறுமல் ஏறி இறங்கத் தொடங்கியது. சேற்றில் இழுவை குறைந்தது. கடைசியில் இருமி இருமி நின்றே போய்விட்டது.

டேங்கைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தார்கள். டீசல் இருந்தது. சரி, ஏர் லாக் என்று ஃபில்டர் மேலுள்ள திருகைத் தளர்த்தி, ஃபீட் பம்ப் கைப்பிடியை அடித்து, நுரை போய்ச் சுத்த டீசல் வரும்வரை காற்றை எடுத்தார்கள். வண்டி உடனே கிளம்பியது. அரை மணி கழித்து மறுபடி அதே கதை.

இரண்டு ஃபில்டரும் மாற்றியாயிற்று. அடியிலுள்ள கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்தோம்; தண்ணீர் முத்து ஒன்றுகூட இல்லை. ஏர் கிளீனரில் பழைய ஆயிலைக் கொட்டிவிட்டுப் புதிது ஊற்றினோம். அதே அரை மணி.

இங்கே அண்ணனுக்குச் சந்தேகம் வந்தது, வண்டி மேல் இல்லை, டிரைவர் மேல். "டீசலை எடுத்து வித்துட்டு மண்ணெண்ணெய் ஊத்தியிருப்பான்" என்று என்னிடம் சொன்னார். சொன்னது திண்ணையில். டிரைவர் நின்றது வேப்பமரத்தடியில், பதினைந்து அடி தள்ளி. அவர் காதில் விழாமல் இருந்திருக்க வழியில்லை. அப்பா காலத்திலிருந்து அந்த வண்டியை ஓட்டியவர். பெயர் வேண்டாம், டிரைவர் என்றே சொல்கிறேன்.

வில்லியனூரிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். கெட்டிக்காரர்தான். இன்ஜினைச் சும்மா ஓடவிட்டு, மூன்று இன்ஜெக்டர் பைப் நட்டையும் ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்த்தார். எந்த நட்டைத் தளர்த்தும்போது இன்ஜின் ஓட்டத்தில் மாற்றம் தெரியவில்லையோ அந்த சிலிண்டர்தான் கோளாறு. இங்கே மூன்றுக்கும் இன்ஜின் தடுமாறியது. மூன்றும் வேலை செய்கின்றன என்று அர்த்தம். ஆனாலும், "பம்ப் சூடானதும் அழுத்தம் விடுது, பாண்டிக்கு அனுப்பிப் பிரிக்கணும்" என்றார். 18,000 ரூபாய், நாலு நாள். அண்ணன் கணக்குப் போட்டுவிட்டு, "இதுக்கு மேல அந்த இரும்புக்குச் செலவு பண்ண முடியாது, காயலான் கடைக்குப் போடறேன்" என்றார்.

எனக்கு ஒன்று மட்டும் உறுத்தியது, புகை. டீசல் இன்ஜின் தன் நோயைப் புகையில் சொல்லும். கரும்புகை என்றால் காற்று போதவில்லை, அல்லது டீசல் அதிகம். வெள்ளைப் புகை என்றால் டீசல் எரியாமல் வெளியே போகிறது. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. இது நிற்கும்போது என்ன புகை வருகிறது என்று டிரைவரிடம் கேட்டேன்.

"புகையே இல்லைங்க வாத்தியாரே. இருக்கற புகையும் கம்மியாயிடுது."

அப்படியானால் டீசலே போய்ச் சேரவில்லை. வேறு ஏதாவது கவனித்தீர்களா என்றேன். அவர் அண்ணன் இருக்கும் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "ரெண்டு விஷயங்க. டேங்க் ஃபுல்லா இருந்தா சீக்கிரம் நிக்குது. பாதி டேங்க்ல ரெண்டு மணி நேரம்கூட ஓடுது. அப்புறம் நின்னதும் மூடியைத் திறந்தா ஸ்ஸ்ஸுனு ஒரு சத்தம். மூணு நாள் முன்னாடியே சொன்னேன், யாரும் காதுல வாங்கல."

இருபத்தெட்டு வருடம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடத்திய பாடம் அது. எண்ணெய் டின்னில் ஆணியால் ஒரே ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் குபுக் குபுக்கென்று வந்து நின்றுவிடும். எதிர் மூலையில் இன்னொரு ஓட்டை போட்டால் சரளமாக ஊற்றும். எண்ணெய் வெளியே வந்த இடத்துக்குக் காற்று உள்ளே போக வேண்டும். டிராக்டர் டேங்கும் ஒரு டின்தான். அந்த இரண்டாவது ஓட்டை மூடியிலேயே இருக்கிறது, ஊசி பருமனில். அது அடைத்துக்கொண்டால், டீசல் குறையக் குறைய உள்ளே இருக்கிற காற்றின் அழுத்தம் விழும். ஃபீட் பம்ப் இழுத்து இழுத்துப் பார்த்து ஓய்ந்துவிடும்.

டேங்க் நிறைந்திருந்தால் ஏன் சீக்கிரம் நிற்கிறது என்பதும் இதிலேயே வந்துவிடுகிறது. மேலே ஆறு லிட்டர் காற்றுதான் இருக்கிறது என்று வையுங்கள். இரண்டு லிட்டர் டீசல் செலவானால் அதே காற்று எட்டு லிட்டர் இடத்தில் பரவ வேண்டும்; அழுத்தம் கால் பங்கு போயிற்று. பாதி டேங்க் காலியாக இருந்தால் அதே இரண்டு லிட்டர் ஒரு பொருட்டே இல்லை. வேடிக்கை என்னவென்றால், ஒவ்வொரு முறையும் வண்டியைக் கிளப்பியது டீசல் பார்க்க மூடியைத் திறந்ததுதான். பெயர் வாங்கிக்கொண்டது ஏர் லாக் எடுத்த வேலை.

மூடியைக் கழற்றித் திருப்பினோம். ஓட்டை தெரியவில்லை. சைக்கிள் பிரேக் கம்பியில் ஒரு இழை பிரித்துக் குத்தினேன். காய்ந்த செம்மண் உதிர்ந்தது. கொட்டகையில் சும்மா நின்ற இரண்டு மாதத்தில் குளவி பூசிய மண். மண் முழுவதும் உதிர்ந்ததும் மறுபடி டேங்கை நிரப்பி, வயலில் இறக்கினார் டிரைவர். நான் வரப்பில் கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தேன். அரை மணி, ஒரு மணி, இரண்டு மணி. இருட்டிய பிறகும் விளக்குப் போட்டு ஓட்டி, பரம்பும் அடித்து முடித்துவிட்டுத்தான் ஏறினார். மறுநாள் காலை நாற்றுப் பறித்தார்கள்.

பம்பைப் பிரிக்கவில்லை. வண்டி காயலான் கடைக்கும் போகவில்லை. அண்ணன் மறுநாள் டிரைவர் கையில் வழக்கத்தைவிட நூறு ரூபாய் அதிகம் வைத்தார். அவர் எண்ணிப் பார்த்து, நூறு ரூபாயைத் திருப்பித் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். மண்ணெண்ணெய்ப் பேச்சை இரண்டு பேருமே பிறகு எடுக்கவில்லை. தை அறுவடை முடிந்ததும் டிரைவர் மடுகரையில் வேறொருவரின் புது டிராக்டருக்குப் போய்விட்டார். அண்ணன் போகாதே என்று சொல்லியிருக்கலாம். எங்கள் வீட்டு ஆண்களுக்கு அப்படிச் சொல்லிப் பழக்கமில்லை.

போன மாசி மாதம் வில்லியனூர் கடைத்தெருவில் அவரைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. அண்ணனைப் பற்றிக் கேட்கவில்லை. "வண்டி எப்படி இருக்குங்க வாத்தியாரே?" என்றார்.

ஓடுகிறது, காலையில் செல்ஃப் எடுக்கத்தான் சுணங்குகிறது என்றேன்.

"பேட்டரி மாத்தச் சொல்லுவாங்க, மாத்தாதீங்க. டெர்மினல்ல பச்சை பூத்திருக்கும். வெந்நீர் ஊத்திக் கழுவிச் சுரண்டிவிட்டு, கிரீஸ் தடவச் சொல்லுங்க."