ஆம்பளைன்னா எறங்குடா

எங்க பக்கம் பழசுன்னா எருதாட்டம்தாங்க. மாட்டுக்கு ரெண்டு பக்கமும் கயிறு கட்டிப் புடிச்சுக்குவோம், முன்னால ஒருத்தன் பொம்மையைக் காட்டி உசுப்புவான். இருபது வயசுல நானும் கயிறு புடிச்சேன். உள்ளங்கைத் தோல் உரிஞ்சு போச்சு. அந்தக் கையை ஒரு வாரம் ஊரெல்லாம் காட்டிக்கிட்டுத் திரிஞ்சேன்.

வாடிவாசல் ஜல்லிக்கட்டு மதுரைப் பக்கத்துது. இப்ப தர்மபுரியை ஒட்டின தடங்கத்துலயும் நடத்துறாங்க. ஓசூர், பெங்களூர் கம்பெனிப் பசங்க பொங்கலுக்கு வந்து பேரு கொடுக்கறாங்க. டாக்டர் பார்த்து, நம்பர் போட்ட பனியன் கொடுத்து உள்ள விடுவாங்க. கொம்பு, வால் தொடக் கூடாது, திமில் மட்டும்தான். அந்தக் கொஞ்ச நேரம் தொங்கினவன் வருஷம் பூரா ஆம்பளை. எறங்காதவனுக்கு டீக்கடையில வேற பேரு. அதை இங்க எழுத முடியாது.

எங்க அக்கா பையன் எறங்காதவன். ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு மும்முனை கரண்ட் வந்தா, பாம்பு கிடக்கிற வரப்புல தனியா தண்ணி பாய்ச்சப் போவான். அவனைப் பார்த்து ஒரு பொங்கலப்போ நான்தான், "ஆம்பளைன்னா அடுத்த வருஷம் எறங்குடா மாப்ளே"ன்னேன். நான் சிரிச்சேன், அவன் சிரிக்கல.

அடுத்த தையில, 2023ல, தடங்கத்துக்கு வேடிக்கை பார்க்கப் போன 14 வயசுப் பையன் மாடு முட்டி இறந்துட்டான். டிவில பார்த்ததும் எனக்கு நான் சொன்ன வார்த்தைதான் காதுல கேட்டுச்சு. அந்த மே மாசமே ஜல்லிக்கட்டு செல்லும்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. நானும் தடை கேக்கலைங்க. இதுக்காகவேதான் பல பேரு நாட்டுக் காளை வச்சிருக்காங்க.

ஒண்ணு சொல்லணும். வாடியில யாரையும் அண்ட விடாத பக்கத்து வீட்டுக் காளைக்குத் தவிடு வைக்கறது அந்த வீட்டு மருமக. அவ கயிறைத் தொட்டா தலையைக் குனிஞ்சுக்கும். அவளை வீரம்னு யாரும் சொன்னதில்ல.

இந்த வருஷம் அக்கா போன் பண்ணி அழுதுச்சு. பையன் பேரு கொடுத்துட்டானாம், "நீ சொன்னாத்தான் கேப்பான்"னு.

போனேன். "அன்னைக்கு நான் பேசினது தப்பு மாப்ளே"ன்னேன்.

"இப்ப வேணாம்னா பசங்க என்ன சொல்வாங்க மாமா?"ன்னான்.

எனக்குப் பதில் வரல. மம்பட்டியை வாங்கி, அவன்கூட மடை திருப்பிக்கிட்டு நின்னேன்.