நம்ம ஊர் நம்பர்

என் தங்கத்துக்கு,

அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? இங்க தக்காளி விக்கிற விலைக்கு, நம்ம ஆட்டுச்சந்தையில பேரம் பேசுற உங்கண்ணனைக் கூட்டியாந்து விட்டாத்தான் என் குடும்பம் தேறும்போல. சரி, அதை விடு, சொல்ல வந்தது வேற.

உனக்குக் கவர்ல விலாசம் எழுதுறப்போ அய்யலூர், பின்கோடு 624801-னு கை தானா எழுதிரும். இந்தவாட்டி பக்கத்துல சின்னவ காரணிக் கணக்குப் போட்டுக்கிட்டிருந்தவ, "அம்மா, இதுக்கு எத்தனை காரணி?"ன்னுட்டா. குழம்பு பாட்டுக்குக் கொதிக்க, நானும் பேனாவோட உக்காந்துட்டேன். இலக்கத்தையெல்லாம் கூட்டினா 21, அப்ப 3-ல போகும், 208267 வருது. அது 7, 11, 13 எதுலயும் போகல, 17-ல மீதியில்லாமப் போச்சு பாரு, 12251! அந்த 12251 இருக்கே, அழுத்தமான ஆளுடி. 109 வரைக்கும் உள்ள பகா எண் அத்தனையும் வச்சுப் பாத்தாச்சு, அசையல. 111-ஐ 111-ஆல பெருக்கினாலே 12321 ஆயிருதே, அதுக்கு மேல பாக்கவே வேணாம், அதுவே பகா எண்தான். ஆக 3, 17, 12251. இதுகளை மாத்தி மாத்திப் பெருக்கினதையும், ஒண்ணையும் சேத்தா மொத்தமே எட்டுக் காரணி.

"ஆறு லட்சத்துக்கு மேல இருந்துக்கிட்டு இவ்வளவு கஞ்சத்தனமா? 24-க்கே எட்டு இருக்கே"ன்னு வீட்டுக்காரர் சிரிக்கிறார். எனக்கு வந்துச்சே கோவம்!

தாராளமான எண்ணைத்தான் கும்பகோணத்து ராமானுஜன் தேடித்தேடி 1915-ல கட்டுரையா எழுதினாரே, தனக்குக் கீழ உள்ள எதுக்கும் இல்லாத அளவு காரணி வச்சிருக்கிற எண்ணுங்களா. அவர் பட்டியல்ல கடைசி 6746328388800, அதுக்கு 10080 காரணி! 2 ஆறுவாட்டி, 3 நாலுவாட்டி, 5-ம் 7-ம் ரெண்டு ரெண்டுவாட்டி, 11-லருந்து 23 வரைக்கும் உள்ள பகா எண் ஒவ்வொருவாட்டின்னு பெருக்கினா அது வந்துரும். சின்னதுகளை அள்ளிப் போட்டு, பெரிசுகளைக் கிள்ளிப் போட்டிருக்கு. கால்குலேட்டர் இல்லாத காலத்துல அவ்வளவும் போட்ட மனுசன், நடுவுல 293318625600-ஐ மட்டும் விட்டுட்டார். வேடிக்கை என்னன்னா, அதை 23-ஆல பெருக்கினா அந்தக் கடைசி எண்ணேதான்! லண்டன் கணிதச் சங்கத்துக்கு அப்பப் பணமுடை, கட்டுரையில ஒரு பகுதியை அச்சுல ஏத்தாமலே விட்டுட்டாங்க. அது கட்டுரையா அச்சுல வந்தது 1997-லதான், அவர் போய்ச் சேந்ததோ 1920-ல.

அதுக்காக நம்ம ஊரை விட்டுக்குடுப்பனா? 6151-ஐ அதாலயே பெருக்கி, அதுலருந்து 6100-ஐ அதாலயே பெருக்கினதைக் கழிச்சுப் பாருங்கன்னேன். சரியா 624801! போன்ல தட்டிப் பாத்த மனுசன், பேப்பருக்குள்ள தலையை விட்டுக்கிட்டார்.

உன் நாத்தனா திண்டுக்கல்லுனு பீத்திக்குவாளே, அவ 624001-ஐ நீ போட்டுப் பாத்து எழுது. 7-ல போகும், அவ்வளவுதான் சொல்லுவேன்.

உன் பிரியமுள்ள
நான்தான்