புட்டுத்தோப்பிலிருந்து பெரிய கண்மாய் வரை

மதுரை வைகைக் கரையில் இருக்கும் புட்டுத்தோப்பில், ஆவணி மூலத் திருவிழாவின்போது பிட்டுக்கு மண் சுமந்த கதை ஆண்டுதோறும் நடத்திக் காட்டப்படுகிறது. வெள்ளத்தில் கரை உடைகிறது. வீட்டுக்கு ஓர் ஆள் வரச் சொல்கிறான் பாண்டியன். ஆளில்லாத வந்திக் கிழவிக்காகக் கூலியாளாய் வந்த சிவன், உதிர்ந்த பிட்டைக் கூலியாக வாங்கித் தின்றுவிட்டு, வேலை செய்யாமல் பிரம்படி படுகிறார். எல்லோருக்கும் நினைவில் நிற்பது அந்தப் பிரம்படிதான். கரை வேலை தெரிந்தவர்கள் கவனிப்பது வேறொன்றை. ஊரே தன் பங்கை அடைத்த பிறகும், வந்தியின் பங்கு ஒன்று அடைபடாமல் கிடந்ததால் ஆறு அடங்கவில்லை.

'போன கோடையில் உயர்த்திய கரை, ஐப்பசி மழையில் ஏன் உடைந்தது?' என்று கண்மாய்ப் பாசனக்காரர்கள் கேட்பதற்கும் பதில் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. கரை முழுவதும் பலமாக இருந்திருக்கும். மடையை ஒட்டிய நாலு முழம் மட்டும் கெட்டிக்கப்படாமல் விடப்பட்டிருக்கும்.

புட்டுத்தோப்பிலிருந்து வைகையோடு கிழக்கே போனால் மண் மாறிக்கொண்டே வரும். திருப்புவனம் பக்கம் ஆற்று வண்டல்; தென்னையும் வாழையும் கரும்பும் செழிக்கும் மண். மணல் கூடுதலாக உள்ள இந்த மண்ணை எவ்வளவு மிதித்தாலும் கெட்டியாகாது. தண்ணீர் விட்டு நனைத்து, அதிரும் உருளையை ஓட்டினால்தான் மணல் ஒன்றுக்குள் ஒன்று இறங்கி உட்காரும். அப்போதும் கசிவு நிற்காது. அதற்காகத்தான் கரையின் நடுவில் களிமண் சுவர் வைத்துக் கட்டுகிறார்கள்.

அடுத்து மானாமதுரை. கடம் செய்யும் ஊர். பானை வனைபவர்கள் கண்மாய்க் களியோடு மணல் சேர்த்து, மிதித்துப் பிசைந்து, பதம் பார்த்த பிறகுதான் சக்கரத்தில் வைப்பார்கள். வெறும் களியில் வனைந்தால் காயும்போது வெடித்துவிடும். கரைக்கும் இதே கணக்குத்தான். வடக்கே சிவகங்கைச் செம்மண்ணில் மணலும் களியும் ஏறத்தாழ வேண்டிய அளவில் கலந்தே கிடக்கின்றன. கரை போடுபவனுக்கு இதைவிட நல்ல மண் கிடைக்காது.

ஆனால் நல்ல மண்ணும் காய்ந்த நிலையில் கொட்டினால் வீண். மண் துகள்கள் வழுக்கி நெருங்கி உட்கார ஓரளவு ஈரம் வேண்டும். குறைந்தால் துகள்கள் நகராது. கூடினால் இடையில் தண்ணீரே இடத்தை அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு மண்ணுக்கும் இந்த ஈர அளவு தனி என்று 1933-ல் அமெரிக்கப் பொறியாளர் பிராக்டர் அளந்து காட்டினார். மணல் பாங்கான மண்ணுக்குச் சுமார் 8 முதல் 12 சதவீதம் போதும். களிக்கு 20-ஐத் தாண்டுவதும் உண்டு. நம் வீட்டுப் பெண்களுக்கு இது புதிதல்ல. பிட்டு மாவைப் பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். கரை மண்ணுக்கும் அதே பதம்தான். வந்தியின் பிட்டு அன்று உதிர்ந்ததற்குக் காரணம் வேறு, அது சிவன் செயல்!

வயலில் நாம் அஞ்சும் விஷயமும் இதேதான். அந்தப் பதத்தில் டிராக்டரை ஓட்டி ஓட்டித்தான் உழவுக்கு அடியில் கட்டாந்தரையை உண்டாக்கி வைக்கிறோம். பயிருக்குப் பகை, கரைக்கு உறவு.

பரமக்குடியைத் தாண்டித் தெற்கே முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் திரும்பினால் கரிசல். மிளகாயும் பருத்தியும் விளையும் இந்த மண்தான் கரை வேலையில் ஆளைச் சோதிக்கும். நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். பங்குனியில் கரையில் விழுந்த வெடிப்புக்குள் முதல் மழை இறங்கினால் கரை பாளம் பாளமாகச் சரியும். கரிசலைத் தவிர்க்க முடியாத ஊர்களில், முதல் நாளே தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, கட்டிகளை உடைத்து, முக்கால் அடிக்கு மேற்படாத அடுக்குகளாகப் பரப்பி, ஆட்டுக்கால் உருளையால் மிதிக்க வைக்க வேண்டும். அந்த உருளையின் குமிழ்கள் அடுக்கின் அடியிலிருந்து மேல்நோக்கிக் கெட்டித்துக்கொண்டு வரும். முடிந்ததும் மேலே ஓரடிக்குச் செம்மண்ணோ சரளையோ போர்த்திவிட்டால் உள்ளிருக்கும் கரிசல் லேசில் காயாது, வெடிக்காது.

இப்போது நடப்பது என்ன? பொக்லைன் கண்மாய்க்குள் வெட்டிய கட்டிகளை அப்படியே கரைமேல் குவித்து, வாளியால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விடுகிறது. பார்வைக்குக் கரை உயர்ந்திருக்கும். உள்ளே கட்டிக்கும் கட்டிக்கும் நடுவே பொந்துகள். தண்ணீர் ஏறியதும் கட்டிகள் குழைந்து கரை அமிழும். பழைய கரையின் புல்லையும் சீமைக்கருவேல் வேரையும் களையாமல் மண் போட்டால், வேர் மக்கிய தடமே தண்ணீருக்கு வாய்க்கால். பழைய சரிவைப் படிப்படியாக வெட்டிவிட்டுத்தான் புது மண்ணை இணைக்க வேண்டும். மடைச் சுவரை ஒட்டி உருளை போகாது. அங்கே திமிசுக் கட்டையால் ஆள்தான் இடிக்க வேண்டும். கோடை மழைக்குப் பிறகு கண்மாய் மண் தானே பதத்துக்கு வரும் நாட்களை விட்டுவிட்டு, புரட்டாசியில் அவசரமாக வேலை தொடங்குவது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது.

வைகை கடைசியாக வந்து சேரும் இடம் ராமநாதபுரம் பெரிய கண்மாய். கடலை நெருங்கும் இந்தப் பகுதியில் களர் மண் திட்டுகள் உண்டு. எந்த உருளையும் இந்த மண்ணைக் காப்பாற்றாது. கெட்டியாகத்தான் நிற்கும், ஆனால் நல்ல தண்ணீர் பட்டதும் கரைந்து, எலி வளை அளவு துளை ஒரே இரவில் ஆள் நுழையும் உடைப்பாகிவிடும். கீழே நாற்று முழங்கால் உயரம் நிற்கும் நேரம் அது. வருடத்துக்கு ஒரே போகம் எடுக்கும் ஊரில் அந்த உடைப்பு நெல்லோடு, ஆடு மாடு கோடையில் குடிக்க வேண்டிய தண்ணீரையும் கொண்டுபோய்விடும்.

மண் வெட்டும் முன்பே இதைக் கண்டுபிடிக்க ஒரு கண்ணாடி டம்ளர் போதும். அதில் மழைத் தண்ணீர் ஊற்றி, சுண்டைக்காய் அளவு மண் கட்டியை மெதுவாகப் போட்டு, அசைக்காமல் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். கட்டி சரிந்து கீழே குவிந்து, தண்ணீர் தெளிவாக இருந்தால் பயமில்லை. கட்டியைச் சுற்றிப் பால் கலந்ததுபோல் கலங்கினால் அந்தக் குழியை விட்டுவிட வேண்டும். போர்த் தண்ணீரில் சோதிக்கக் கூடாது. அதிலுள்ள உப்பு கலங்கலை மறைத்துவிடும். வயலுக்குப் போடுவதுபோல் ஜிப்சம் கலந்து இந்த மண்ணைத் திருத்த வழி உண்டு. கரை முழுவதற்கும் அந்தச் செலவு செய்வதைவிட, இரண்டு மைல் தள்ளி வேறு மண் தேடி வண்டி வைப்பது மேல்.