இரண்டடி இரும்புக் குழாய்

அந்த நட்டு அசையவே இல்லை. கடந்த மார்கழியில் திருச்சியிலிருந்து சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். உளுந்தூர்ப்பேட்டைக்குக் கொஞ்சம் முன்னால், இரவு 11 மணிக்கு, இடது பின்சக்கரம் தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. காருக்குள் மனைவி, மாமியார், தூங்கும் மகள். டிக்கியில் ஸ்டெப்னி, ஜாக்கி, வீல் ஸ்பேனர் எல்லாம் இருந்தன. ஸ்பேனரை மாட்டி இழுத்தேன், மிதித்தேன், கடைசியில் அதன் மேல் ஏறியே நின்றேன். நான்கு நட்டில் ஒன்றுகூட நகரவில்லை. அந்த வாரம்தான் சர்வீஸ் முடிந்து வந்த வண்டி.

உதவி எண்ணுக்கு அழைத்தேன். இரண்டு மணி நேரம் கழித்து வந்த இழுவை வண்டிக்காரர் டயரைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "ஏத்திடலாம் சார்" என்றார். அவர் கொண்டுபோய் இறக்கிய பட்டறையில் டயர் போய்விட்டது என்றார்கள், ரிம் வளைந்திருக்கிறது என்றார்கள். விடியும்போது 9,400 ரூபாய் கைமாறியிருந்தது. பழைய டயரை மட்டும் பிடிவாதமாகக் கேட்டு வாங்கி வந்தேன். வாடகைக் கார் ஓட்டும் நண்பர் ஒருவர் அதன் உள்பக்கம் முழுக்கக் கையை விட்டுத் தடவினார். நடுப்பட்டையில் ஒரே ஓர் ஆணித் துளை. "நூத்தம்பது ரூபா வேலைப்பா இது" என்றவர், சிறிது நேரம் கழித்துச் சொன்னார்: "நீ மேஸ்திரிகிட்ட ரெண்டு நாள் போய் உட்காரு."

மேஸ்திரியின் கடை உளுந்தூர்ப்பேட்டை புறவழிச் சாலையை ஒட்டி, ஒரு வேப்பமரத்தின் கீழே இருக்கிறது. தகரக் கூரை. சாலையோரம் நட்டு வைத்த லாரி டயரில் வெள்ளைப் பெயின்ட்டால் 'பஞ்சர்' என்று எழுதியிருக்கிறது, இரவில் அந்த டயரின் வயிற்றுக்குள் ஒரு குண்டு பல்பு எரிகிறது. பஞ்சர் மட்டுமல்ல, வழியில் நின்றுபோன எந்த வண்டிக்கும் அவர் ஆள். வயது 56. பதின்மூன்று வயதில் நாமக்கல்லில் ஒரு லாரிப் பட்டறையில் சேர்ந்தாராம். முதல் இரண்டு வருடம் டீசலில் நட்டு போல்ட் கழுவுவது மட்டுமே வேலை. அதனால்தானோ என்னவோ, இருட்டில் விரலால் தடவியே "பத்தொம்போது", "இருபத்தொண்ணு" என்று ஸ்பேனர் அளவு சொல்கிறார். நான் சோதித்துப் பார்த்தேன். ஆறு முறையில் ஒருமுறையும் தவறவில்லை.

என் கதையைக் கேட்டதும் முதலில் அவர் கேட்டது நட்டைப் பற்றி அல்ல.

"வீட்டு ஆளுங்க எங்க இருந்தாங்க?"

"காருக்குள்ளதான்."

அவர் முகம் மாறிவிட்டது. நின்ற வண்டிக்குள் ஆளை உட்கார வைக்கக் கூடாது என்றார். எல்லோரையும் சாலைப் பக்கம் இறக்காமல் இடது பக்கமாக இறக்கி, தடுப்புக் கம்பிக்கு அந்தப் புறம் நிறுத்த வேண்டும். பிறகு நான்கு பக்க இண்டிகேட்டர். பிறகு எச்சரிக்கை முக்கோணம். அதை வண்டிக்குப் பக்கத்திலேயே வைத்துப் பயனில்லை, பின்னால் ஐம்பது மீட்டராவது நடந்துபோய் வைக்க வேண்டும். வளைவிலோ பாலத்திலோ டயர் போனால், அங்கேயே நிற்காமல் அகலமான இடம் வரும்வரை உருட்டிக்கொண்டே போய்விட வேண்டும். "டயர் போகட்டும் சார். ரிம்மும் போகட்டும்."

அவருடைய கடையில் வேலை பார்த்த பையன் ஒருவன் ஒரு காரின் வலது பின்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது பேருந்து உரசி இறந்துபோயிருக்கிறான். பத்தொன்பது வயது. பதினைந்து வருடம் ஆகிறது. அதன்பிறகு வலப்பக்க டயர் என்று அழைப்பு வந்தால், வண்டியைச் சாலையை விட்டு முழுதாக இறக்காமல் அவர் ஜாக்கியைத் தொடுவதில்லை. எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி. தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் 1033 உதவி எண்ணைக் கடைச் சுவரில் கரியால் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார். வருகிறவர்கள் எல்லோரையும் தன் கண்ணெதிரிலேயே அதைப் போனில் பதியச் சொல்கிறார்.

நட்டுக்கு வருவோம். மேஸ்திரி ஒரு மூலையிலிருந்து இரும்புக் குழாய் ஒன்றை எடுத்து வந்தார். தண்ணீர்க் குழாய்தான், இரண்டடி நீளம், ஒரு முனையில் சைக்கிள் டியூபை இறுகச் சுற்றியிருந்தது. கை பட்டுப் பட்டு நடுப்பகுதி மழமழவென்று கறுத்திருந்தது. அதை என் வீல் ஸ்பேனரின் கைப்பிடியில் நுழைத்தார். "இப்ப அமுக்குங்க. மிதிக்க வேணாம். கையால." அமுக்கினேன். 'கிர்ர்' என்று ஒரு சத்தம், நட்டு கால் சுற்று திரும்பிவிட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டபோது என் தொண்டை அடைத்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

சின்னக் கார்களின் சக்கர நட்டுக்குத் தேவையான இறுக்கம் சுமார் 100 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் பத்து கிலோ தொங்கினால் என்ன இறுக்கமோ அதுதான். வண்டியோடு வரும் ஸ்பேனர் ஓரடிதான் இருக்கும், அதற்கே முப்பது கிலோவுக்கு மேல் அழுத்தம் வேண்டும். பட்டறையில் ஏர் கன்னை வைத்து 'டர்ர்' என்று முடுக்கும்போது இறுக்கம் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு ஏறிவிடுகிறது. அதை எந்த மனிதனால் நடுரோட்டில் வெறும் ஓரடிக் கம்பியால் கழற்ற முடியும்? நான் பலவீனன் என்று அன்றிரவு என் மனைவி முன்னால் கூசி நின்றேனே, அது என் குற்றமே அல்ல.

குழாய் கழற்ற மட்டும். மாட்டும்போதும் நான் அதை எடுக்கப் போனேன், பட்டென்று கையைத் தட்டிவிட்டார். குழாய் போட்டு முடுக்கினால் ஸ்டட் முறிந்துவிடும். கழற்றும்போது வண்டியைத் தூக்குவதற்கு முன்பே நான்கு நட்டையும் கொஞ்சம் இளக்கிவிட வேண்டும். தூக்கிய பிறகு முயன்றால் சக்கரம் கூடவே சுற்றும், ஜாக்கி சரியும். மூலைக்கு மூலை எதிர்ச் சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். ஜாக்கி வைக்கும் இடம் கதவுக்குக் கீழே தகட்டு விளிம்பில் இரண்டு வெட்டு அடையாளங்களுக்கு நடுவே இருக்கிறது. ஒன்பது வருடமாக ஓட்டும் காரில் அந்த இரண்டு வெட்டுகளை அன்றுதான் விரலால் தொட்டுப் பார்த்தேன். மாட்டும்போது நட்டுகளை வரிசையாக இல்லாமல் எதிரெதிராக முடுக்க வேண்டும், ஐம்பது கிலோமீட்டர் ஓடிய பிறகு நிறுத்தி மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஸ்டெப்னி என்கிறோமே, அது வேல்ஸ் நாட்டின் லனெத்லி ஊரில் உள்ள ஒரு தெருவின் பெயர். 1904-இல் அங்கே டேவிஸ் சகோதரர்கள் உபரிச் சக்கரம் செய்து விற்கத் தொடங்கினார்கள். ஆங்கிலேயர்களே அந்தச் சொல்லை மறந்துவிட்டார்கள், நாம் நூறு வருடத்துக்கும் மேலாகக் காப்பாற்றி வருகிறோம். இனி எவ்வளவு காலம் என்று தெரியவில்லை. டியூப்லெஸ் டயரும், காற்றழுத்தம் காட்டும் கருவியும், ஒட்டும் சாமானும் இருந்தால் காருக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-இல் விதியைத் திருத்திவிட்டார்கள். டயரின் பக்கவாட்டில் கிழிந்தால் அந்தச் சாமானால் ஒன்றும் செய்ய முடியாது. மேஸ்திரியிடம் அப்படி வாரத்துக்கு ஒருவர் வந்து நிற்கிறார்.

இரண்டாம் நாள் மதியம் பெரம்பலூர்க்காரர் ஒருவரின் கார் புகை கக்கிக்கொண்டு வந்து நின்றது. இறங்கிய வேகத்தில் பானட்டைத் திறந்து ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனார். மேஸ்திரி ஓடிப்போய் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். ரேடியேட்டருக்குள் அழுத்தத்தில் இருக்கும் நீர் 120 டிகிரி வரை கொதிக்காமல் அடங்கிக் கிடக்கும். மூடி திறந்த நொடி அழுத்தம் இறங்கி அத்தனையும் ஒரே சமயத்தில் கொதித்து முகத்தில் அடிக்கும். முக்கால் மணி நேரம் எல்லோரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். டீ வந்தது. பிறகு ஈரச் சாக்கைப் போர்த்தி மூடியைச் சற்றே திருகினார், 'உஸ்' என்று மூச்சு விட்டது, அது அடங்கும்வரை காத்திருந்து முழுதாகத் திறந்தார். தண்ணீர் அவ்வளவாகக் குறையவில்லை. ஃபேன்தான் சுற்றவில்லை. ஃபியூஸ் பெட்டியில் பச்சை நிற 30 ஆம்பியர் ஃபியூஸ் கருகியிருந்தது. பெட்டி மூடியின் உட்புறமே உபரி ஃபியூஸ் இருந்தது, மேஸ்திரி அதை எடுத்து மாட்டினார்.

"சுத்துது. ஆனா மோட்டார் இறுகுதுங்க. ஊருக்குப் போனதும் மாத்திடுங்க, அதுவரைக்கும் ஏசி போடாதீங்க. முள்ளு மேல ஏறினா ஹீட்டரைத் திறந்துவிடுங்க, இன்ஜின் சூடு கொஞ்சம் உள்ள வந்துடும்." இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். வயரிங்கைக் காட்டி அவர் எனக்கு விளக்கிய பாதி விஷயம் பிடிபடவில்லை, அதை இங்கே எழுதவில்லை.

அந்த இருநூறு ரூபாயை எண்ணி டப்பாவில் போடும் மனிதரைப் பார்த்தபோதுதான் என் 9,400 நெஞ்சை அறுத்தது. மேஸ்திரிக்கும் சாலை உதவிச் செயலி வழியாக அழைப்பு வருகிறது. வழியில் நிற்பவரிடம் 1,100 ரூபாய் வாங்கும் நிறுவனம், நடுராத்திரியில் மொபெட்டில் கம்பிரசரைக் கட்டிக்கொண்டு போய்க் குனிந்து வேலை செய்கிறவருக்கு 400 கொடுக்கிறது. அதுவும் பதினைந்து நாள் கழித்து. இழுவை வண்டிக்காரர் ஒருவர், வண்டி கொண்டுவந்து விட்டால் பில்லில் பங்கு தர வேண்டும் என்று இவரிடமும் கேட்டிருக்கிறார். பங்கு கொடுக்க வேண்டுமானால் நல்ல டயரைக் கெட்ட டயர் என்று சொல்ல வேண்டும். முடியாது என்றார். அன்றிலிருந்து அந்த இழுவை வண்டிகள் இவர் கடையைத் தாண்டி முப்பது கிலோமீட்டர் போய் இறக்குகின்றன. என்னையும் அப்படித்தான் இந்த வேப்பமரத்தைக் கடந்து கொண்டுபோயிருக்கிறார்கள். இது வியாபாரம் அல்ல. இருட்டில் குழந்தையோடு நிற்பவனின் பயத்தைப் பங்கு போட்டுக்கொள்வது. ஒரு நட்டை எப்படிக் கழற்றுவது என்று நமக்குத் தெரியாமல் இருப்பதுதான் அவர்களுடைய முதல். அதை அவர்கள் சொல்லித்தர மாட்டார்கள். சொல்லித்தந்தால் பிழைப்பில் அடி விழக்கூடிய மனிதர்தான் கையைத் தட்டித் தட்டிச் சொல்லித்தருகிறார்.

அதையே அவரிடம் கேட்டேன். எல்லோரும் கற்றுக்கொண்டால் கடைக்கு யார் வருவார்?

"பகல்ல வருவாங்க சார். ராத்திரி வராம இருந்தாப் போதும்."

கிளம்பும் நேரத்தில் மரத்தடியில் கிடந்த நீளக் குழாய் ஒன்றில் சாக்பீஸால் இரண்டடி குறித்து, ஹேக்சா பிளேடை வைத்து அறுக்கத் தொடங்கினார். பாதி அறுத்திருப்பார், செங்கல் லாரி ஒன்று வந்து நின்றது. பிளேடை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்துபோனார். மீதியை நான் அறுத்தேன். விளிம்பின் பிசிறை அரம் வைத்துத் தேய்த்தேன், அவர் பெட்டியில் கிடந்த டியூபில் ஒரு துண்டை வெட்டி முனையில் சுற்றினேன். குழாயின் விலை எவ்வளவு என்று கேட்கப் போனபோது லாரிக்கடியில் அவருடைய இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன.

"எண்பது ரூபா சார். டப்பால போட்டுடுங்க" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "ஸ்டெப்னில காத்து பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. காரைக் கம்பிரசர் பக்கம் எடுத்துப்போனேன்.